பிள்ளை வராவிட்டாலும் நீங்கள் போங்கள்

சுன்னாகம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் தரம் 9. இரண்டாம் தவணை தொடங்கியதிலிருந்து காலையில் வயிற்று நோ, சில நாட்களில் சத்தியும். இரத்தம், சிறுநீர், ஸ்கான் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பள்ளிக்கூடம் போவது வாரத்தில் ஓரிரு நாள்தான். ரியூசனை நிறுத்திவிட்டாள், சிநேகிதிகளின் போனை எடுப்பதில்லை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். அம்மம்மா நாவூறு என்கிறார். கட்டாரில் இருக்கும் தகப்பன் "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துப்போட்டாய்" என்கிறார். மனநல டொக்டரிடம் போவோமா என்று கேட்டதற்கு "எனக்கென்ன விசரா?" என்று மகள் கத்தியிருக்கிறாள். எங்கே போவது, யாரிடம் போவது, ஊருக்குத் தெரிந்தால் என்ன செய்வது என்பது தாயின் கேள்வி.

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் உளநலப் பணியில் நீண்டகாலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மகளை இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. முதலில் நீங்கள் மட்டும் போங்கள். பிள்ளை சம்மதிக்கட்டும், தகப்பன் லீவில் வரட்டும், பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து மாதக்கணக்கைப் போக்கிய குடும்பங்களை நிறையக் கண்டிருக்கிறேன். தாயோ தகப்பனோ தனியாக வந்து உட்கார்ந்து கதைத்துவிட்டுப் போன அன்றே வீட்டுக்குள் ஏதோ ஒன்று மாறத் தொடங்கும். பிள்ளையோடு எப்படிக் கதைப்பது, காலையில் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது உங்களுக்குத் தெளிந்துவிடும். பல பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் "சரி, நானும் வாறன்" என்கிறார்கள்.

அதற்கு முன் அந்த வயிற்று நோவைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி அதைப் பற்றியதுதான். காலை ஆறரைக்குச் சுருண்டு கிடந்த பிள்ளை, பள்ளிக்கூட பஸ் போன பிறகு, ஒன்பது மணிக்கு எழும்பிப் பாணும் சம்பலும் சாப்பிடுகிறாள். சனி, ஞாயிறில் ஒரு நோவும் இல்லை. இதைப் பார்த்துத்தான் 'நடிக்கிறாள்' என்று பெரியவர்கள் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் பதகளிப்பினால் வரும் நோவின் போக்கே அதுதான். பயம் வந்தால் உடம்பு ஆபத்துக்குத் தயாராகும். நெஞ்சு படபடக்கும், குடல் இறுகும், சத்தி வரும், கை குளிரும். மூளைக்கும் குடலுக்கும் இடையில் அவ்வளவு நெருங்கிய நரம்புத் தொடர்பு இருக்கிறது. நோ உண்மையானது, ஸ்கானில் தெரியாதது மட்டும்தான் வித்தியாசம். இன்றைக்குப் போகத் தேவையில்லை என்று ஆனதும் பயம் இறங்குகிறது, நோவும் இறங்குகிறது. அந்த ஆறுதலை உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த நாள் பயம் இன்னும் கொஞ்சம் கூடி வரும். இப்படித்தான் ஒரு நாள் லீவு ஒரு தவணையாக நீளுகிறது. அடித்துக் கொண்டுபோய் விட்டாலும் சரிவராது, 'பாவம், நிற்கட்டும்' என்று விட்டாலும் சரிவராது என்பதற்குக் காரணம் இதுதான்.

பயத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். வகுப்பில் யாராவது பட்டம் தெளித்துக் கூப்பிடுகிறார்களா, ஓர் ஆசிரியர் எல்லோர் முன்னாலும் ஏதும் சொல்லிவிட்டாரா, போனில் ஒரு படம் சுற்றுகிறதா, கணக்கோ வாசிப்போ உண்மையிலேயே விளங்கவில்லையா, ரியூசன் போகும் வழியில் யாரும் தொந்தரவு செய்கிறார்களா, அல்லது வெளிக்காரணம் எதுவும் இல்லாமல் மனச்சோர்வு தொடங்கியிருக்கிறதா. "ஏன்?" என்று நேரே கேட்டால் "தெரியாது" என்றுதான் பதில் வரும். அது பொய் இல்லை, அநேகமாகப் பிள்ளைக்கே தெரியாது. முகத்தைப் பார்த்துக்கொண்டு கதைப்பதுதான் இந்த வயதில் கஷ்டம். ஸ்கூட்டியில் பின்னால் இருந்து வரும்போது, தேங்காய் துருவும்போது, உடுப்பு மடிக்கும்போது கதை தானாக வரும். அப்போது நீங்கள் புத்தி சொல்லாமல் "ம்ம்" கொட்டிக் கேட்டாலே போதும். ஒரு பிள்ளை தன் வகுப்பில் நடந்த பெரிய கொடுமையைக் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம்தான் முதலில் சொன்னாள். பெரியம்மா திரும்பிப் பார்க்காமல் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறார். அவர் செய்த மிகப்பெரிய உதவி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இனி எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். வலிகாமத்தில் இருப்பவர்களுக்கு மிகக் கிட்டிய இடம் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. அங்குள்ள உளநலப் பிரிவு போர்க்காலத்திலும் இயங்கியது. காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் ஏறினால் சுன்னாகத்திலிருந்து சிறிது நேரம்தான். நகரப் பக்கம் உள்ளவர்களுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. வடமராட்சியில் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை, தென்மராட்சியில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை. தீவகத்தவர்கள் முதலில் ஊர்காவற்றுறையில் விசாரிக்கலாம். நெடுந்தீவிலிருந்து வருவதென்றால் படகும் பஸ்ஸுமாக ஒரு நாள் முழுவதும் போய்விடும். அவர்கள் முதலில் அங்குள்ள பிரதேச வைத்தியசாலையில் கதைத்து, கிளினிக் நாளைப் போனில் உறுதி செய்துகொண்டு, கடிதத்தோடு வெளிக்கிடுவது நல்லது. அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு இல்லை. பெரிய நிபுணரைச் சனல் பண்ணித்தான் பார்க்க வேண்டும் என்று எண்ணி, காசு சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வைத்தியசாலை என்றாலே கால் பின்னுக்கு இழுக்கிறது என்றால் அதைவிடச் சிறிய வாசல்களும் இருக்கின்றன. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் அரச உதவிப் பணத்துக்கோ பிறப்புச் சான்றிதழுக்கோ போகும் அதே கட்டடம்தான். எதற்கு வந்தீர்கள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் வழிகாட்டல், ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார். பாடச்சுமையோடுதான் அவர் இந்த வேலையையும் செய்கிறார், ஆகவே அவரிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் வகுப்பில் என்ன நடக்கிறது என்று மெல்ல விசாரித்துச் சொல்லக் கூடியவர் அவர்தான். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரும் நல்ல வழி. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு தொடர்புள்ளவர், உங்கள் குடும்பத்தை ஏற்கெனவே தெரிந்தவர். அரசு சாராத இடங்களில் 'சாந்திகம்' யாழ்ப்பாணத்தில் நீண்டகாலமாக உளவளத்துணை வழங்கியும் உளவளத்துணையாளர்களைப் பயிற்றியும் வருகிறது.

வீட்டை விட்டு வெளிக்கிடவே முடியாத நிலை என்றால் போன் இருக்கிறது. 1926 தேசிய உளநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். 1333 இலவச ஆலோசனை இலக்கம். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் 1929, அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையினுடையது. இந்த மூன்றையும் உங்கள் போனில் மட்டுமல்ல, மகளின் போனிலும் போட்டு வையுங்கள். நம்மிடம் சொல்ல முடியாததை அவள் அங்கே சொல்லலாம்.

இவற்றில் எந்த வாசலால் போனாலும் தேவைப்பட்டால் அடுத்த இடத்துக்குக் கடிதம் தந்து அனுப்புவார்கள். 'சரியான ஆளை'த் தேடிப் பிடித்த பிறகுதான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். நோயின் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு போக வேண்டிய தேவையும் இல்லை. அது அவர்களின் வேலை.

முதல் நாள் போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். இரண்டு வாரமாக என்ன நடந்தது என்று நாள்வாரியாக எழுதிய கொப்பி. எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழும்பினாள், என்ன சாப்பிட்டாள், நோ எப்போது வந்தது, எப்போது போனது, எந்தெந்த நாள் பள்ளிக்கூடம் போனாள், அன்று என்ன பாடம், எப்போது சிரித்தாள். சிரித்ததையும் எழுதுங்கள், அது முக்கியம். மாதவிடாய் நாட்களையும் குறித்து வையுங்கள். பழைய மருந்துத் துண்டுகள், பரிசோதனை முடிவுகள், பள்ளிக்கூட முன்னேற்ற அறிக்கை எல்லாவற்றையும் ஒரு கவரில் போடுங்கள். வைத்தியர் முன்னால் இருக்கும்போது அழுகை வரும், பாதி மறந்துபோகும். கொப்பி இருந்தால் அதை நீட்டினாலே போதும். தைரொயிட், இரத்தச்சோகை போன்றவையும் சோர்வைத் தரும் என்பதால் அவர்கள் சில பரிசோதனைகளை மறுபடியும் கேட்கலாம், அதற்காகச் சலிக்க வேண்டாம்.

மகள் வரும் நாளில் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே அவளுக்குச் சொல்லுங்கள். ஊசி இல்லை, கட்டில் இல்லை, கட்டிப்போடுவதும் இல்லை. ஒருவர் இருந்து கதை கேட்பார். உங்களிடம் கொஞ்ச நேரம், அவளிடம் தனியாகக் கொஞ்ச நேரம். அந்தத் தனிநேரத்தில் அவள் சொல்வதை உங்களிடம் அப்படியே ஒப்புவிக்கமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து, அல்லது யாரோ துன்புறுத்துகிறார்கள் என்ற நிலை வந்தால் மட்டும் சொல்லியாக வேண்டும், அதையும் அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வெளியே வந்ததும் "என்ன கேட்டவை? என்ன சொன்னனீ?" என்று பஸ் தரிப்பிடத்திலேயே தொடங்கிவிடாதீர்கள். ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சொல்ல நினைத்தால் அவளே சொல்லுவாள்.

அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது? 'மனநல டொக்டர்' என்ற பேச்சை விடுங்கள். "உனக்கு ஏதோ பிழை" என்று எந்த வடிவில் சொன்னாலும் கதவு சாத்தப்படும். "உன்ர வயிற்று நோ நடிப்பில்லை என்று எனக்கு இப்ப விளங்குது. பயத்தால வாற நோவுக்கு உதவி செய்யிற ஆக்கள் இருக்கினம். நான் ஒருக்கால் போய்க் கதைச்சிட்டு வந்தனான், நல்ல மாதிரி. ஒரு தரம் வந்து பார், பிடிக்காட்டி வேற ஆளைப் பார்ப்பம்." இவ்வளவும் போதும். கோயிலுக்கு என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகும் வேலை மட்டும் வேண்டாம். அதற்குப் பிறகு அவள் உங்களோடு கோயிலுக்கும் வரமாட்டாள்.

சிகிச்சை பெரும்பாலும் கதைதான், ஆனால் சும்மா ஆறுதல் கதை அல்ல. எந்த எண்ணம் வந்தால் பயம் கூடுகிறது, அந்த எண்ணம் எவ்வளவு உண்மை, பயம் இருக்கும்போதே சின்ன அடி எப்படி எடுத்து வைப்பது என்று பழக்குவார்கள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவதும் அப்படித்தான். முதலில் சீருடை போட்டு வாசல்வரை போய் வருவது. பிறகு காலைப் பிரார்த்தனை முடிந்த பின் ஒரு பாடம், அல்லது நூலகத்தில் இருப்பது. பிறகு இடைவேளைவரை. இதற்கு அதிபரும் வகுப்பாசிரியரும் ஒத்துழைக்க வேண்டும். வைத்தியரிடமிருந்து ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு நீங்களே நேரில் போய் அதிபரிடம் கதையுங்கள். "முதல் இரண்டு வாரத்துக்கு 'ஏன் வரேல்லை' என்று வகுப்பில யாரும் கேக்காமப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று கேளுங்கள். நான் கண்ட அளவில் பெரும்பாலான அதிபர்கள் மறுப்பதில்லை. யாரும் அவர்களிடம் தெளிவாகக் கேட்பதில்லை என்பதுதான் குறை. வீட்டில் நிற்கும் நாட்களில் போனும் ரீவியும் பகல் முழுவதும் கையில் இருக்கக் கூடாது. தண்டனையாக அல்ல, வீட்டுப் பகல் பள்ளிக்கூடப் பகலைவிட இனிப்பாக இருந்தால் திரும்பிப் போவது இன்னும் பாரமாகும் என்பதற்காக.

சில பிள்ளைகளுக்கு மருந்தும் தேவைப்படும், முக்கியமாக மனச்சோர்வு ஆழமாக இருந்தால். அதைக் கேட்டு நடுங்க வேண்டாம். இப்போது கொடுக்கும் மனச்சோர்வு மருந்துகள் அடிமைப்படுத்துபவை அல்ல. ஆனால் இரண்டு நாளில் வேலை செய்யாது, சில வாரங்கள் எடுக்கும். தொடங்கிய புதிதில் அமைதியின்மை கூடுகிறதா, சாவைப் பற்றிய பேச்சு வருகிறதா என்று உன்னிப்பாகப் பார்த்து, வந்தால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சுகமாகிவிட்டது என்று நீங்களாகச் சடுதியாக நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த குளிசையை வாங்கிப் போடவே கூடாது.

அம்மம்மாவைப் பற்றிச் சொன்னீர்கள். அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். திருநீறு போடட்டும், நூல் கட்டட்டும், சந்நிதிக்கு நேர்த்தி வைக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போரால் நொந்த மக்களோடு வேலை செய்தபோது சடங்குகளையும் கோயிலையும் எதிரியாகப் பார்க்கவில்லை, அவை தரும் ஆறுதலைச் சேர்த்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். பேத்தியின் தலையில் கை வைத்து அம்மம்மா தேவாரம் பாடினால் அது நல்லதே. இரண்டு இடத்தில் மட்டும் மறியுங்கள். ஒன்று, கிளினிக்குக்குப் பதிலாக அது என்று ஆகக் கூடாது. மற்றது, பேய் ஓட்டுகிறோம் என்று அடிப்பதோ சூடு வைப்பதோ பட்டினி போடுவதோ எந்தப் பெயரிலும் நடக்கக் கூடாது. நடந்தால் அது வைத்தியம் அல்ல, சிறுவர் துன்புறுத்தல்.

தகப்பனோடு கதைப்பது இதைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவருக்குப் பயம் கோபமாகத்தான் வெளிவரும். வாட்ஸ்அப்பில் மகளைக் கூப்பிட்டு "ஏன் பள்ளிக்கூடம் போகேல்லை" என்று கேட்பதற்குப் பதிலாக, அங்கே இன்றைக்கு என்ன சமைத்தார், வேலைத்தலத்தில் என்ன நடந்தது என்று அவர் தன் நாளைச் சொல்லட்டும். கிளினிக்கில் கேட்டால் போனில் அவரோடும் ஒரு தரம் கதைப்பார்கள். வைத்தியர் வாயால் கேட்டால் சில தகப்பன்மாருக்கு மனம் ஆறும்.

இன்னொன்றையும் உரிமையோடு சொல்லுகிறேன். இன்று 15 வயதுப் பிள்ளைகளின் பெற்றோராக இருக்கும் பலர் 1995 இடப்பெயர்வில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். சிலர் 2009 இல் வன்னியில் இருந்தவர்கள். "நாங்கள் செல் விழ விழப் படிச்சனாங்கள், உனக்கு என்ன குறை?" என்ற வசனம் அதனால்தான் வாயில் வருகிறது. அது உங்கள் வலியின் குரல். ஆனால் அதைக் கேட்கும் பிள்ளை 'என் வலியைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை' என்று விளங்கிக்கொண்டு வாயை மூடிவிடுகிறது. உங்களுக்கே நித்திரை இல்லை, பழையது கனவில் வருகிறது, எரிச்சல் அடங்கவில்லை என்றால் அதையும் அதே கிளினிக்கில் சொல்லுங்கள். தாய்க்குச் சிகிச்சை கிடைத்து மகள் தேறிய வீடுகளை நான் அறிவேன்.

ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது யாராவது எடுத்துப் போடுவார்கள் என்ற பயம் இந்த மண்ணில் உண்மையானதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுவரையான பிள்ளைகளில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகை உளநலப் பிரச்சினை இருக்கிறது. உளநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. உங்கள் மகளின் வகுப்பில் முப்பத்தைந்து பேர் என்றால் நாலைந்து வீடுகளில் இதே கவலை இருக்கும், அவர்களும் உங்களைப் போலவே கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். யாராவது கேட்டால் "வயிற்று நோவுக்கு கிளினிக் போறம்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல. வருத்தத்தை மறைத்துப் பத்து வருடம் வளரவிடுவதுதான் அவளின் எதிர்காலத்தைக் கெடுக்கும், கிளினிக் கொப்பி கெடுக்காது.

இனிச் சொல்வதை எல்லாப் பெற்றோரும் நின்று வாசிக்க வேண்டும். பிள்ளை "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரிக் கதைத்தால், கையில் காயங்களை மறைத்தால், தனக்கு விருப்பமான பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், நெடுநாள் அழுதவள் திடீரென்று விளங்காத அமைதிக்கு வந்தால், அன்றைக்கே நேரே கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று யோசிக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பாரம்தான் குறையும். ஓம் என்று சொன்னால் ஏசாதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள். தனியே விடாதீர்கள். அன்றைக்கே கிட்டிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், இரவென்றாலும் சரி. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஏதாவது விழுங்கிவிட்டாள் என்று சந்தேகம் இருந்தால், பார்க்க நல்லாக இருந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், போத்தலையோ குளிசை மட்டையையோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

வலிகாமத்தில் தோட்டம் இல்லாத வீடு குறைவு. வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்து கொட்டிலில் திறந்தபடி கிடக்கும். அதை இன்றைக்கே பூட்டி, திறப்பை உங்கள் இடுப்பில் வையுங்கள். அம்மம்மாவின் பிறஷர் குளிசைகளையும் அப்படியே. இது சின்னக் காரியம் அல்ல. 1995 இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. மிக நச்சான பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்ததோடு பத்து வருடத்தில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாகும் எண்ணம் பெரும்பாலும் அலைபோல வந்து இறங்குவது, அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் உயிர் தப்பும் என்பதற்கு நம் நாட்டைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஆண்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. அவர்களின் மனச்சோர்வு அழுகையாக அல்ல, கோபமாகவும் ஊர்சுற்றலாகவும்தான் பலமுறை வெளிவரும். அண்மைக் காலத்தில் போதை மாத்திரைகளும் 'ஐஸ்' என்ற போதைப்பொருளும் பள்ளிக்கூட வயதுக்கே இறங்கிவிட்டன. காசு காணாமல் போவது, நித்திரைக் குழப்பம், சடுதியாகச் சிநேகிதர் மாறுவது தெரிந்தால் அடித்து வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். அதே உளநலப் பிரிவுக்குத்தான் அவனையும் கொண்டுபோக வேண்டும். சின்னக் குழந்தைகள் விடயத்தில், ஒரு வயதாகியும் கைகாட்டி எதையும் சுட்டாவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், இரண்டு வயதிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், பேசிய பேச்சு நின்றுபோனால், "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். பேச்சுச் சிகிச்சையும் தொழில்வழிச் சிகிச்சையும் எவ்வளவு முந்தித் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

தனியாரிடம் போவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு சில நாள் பயிற்சி எடுத்தவரும் 'உளவளத்துணையாளர்' என்று பலகை போடலாம். எங்கே படித்தீர்கள், பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவம் எவ்வளவு, உங்களை மேற்பார்வை செய்பவர் யார், ஆபத்து என்றால் எந்த வைத்தியரிடம் அனுப்புவீர்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நல்லவர்கள் சந்தோசமாகப் பதில் சொல்வார்கள். மூன்று நாளில் குணமாக்குகிறேன் என்பவரிடமும், கதவைச் சாத்தி ரகசியம் என்று சொல்லி உங்களுக்கு எதுவும் விளக்காதவரிடமும், பிள்ளையை மிரட்டுபவரிடமும் திரும்பிப் போகாதீர்கள். அரச கிளினிக்கிலும் முதலில் பார்த்தவரோடு மகளுக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. "போனோம், சரிவரேல்லை" என்று ஒரு தரத்தோடு விட்டுவிடுவதுதான் நட்டம். இரண்டாம், மூன்றாம் முறை போகும்போதுதான் பல பிள்ளைகள் வாயைத் திறக்கிறார்கள்.

தங்கச்சி, நாளைக்குக் காலையில் மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் சண்டையைத் தொடங்காதீர்கள். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, "நான் ஒரு அலுவலாய்ப் போட்டு மத்தியானத்துக்குள்ள வந்திடுவன்" என்று சொல்லி, அம்மம்மாவை வீட்டில் இருத்திவிட்டு நீங்கள் வெளிக்கிடுங்கள். தெல்லிப்பழையில் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுக்கும்போது "பிள்ளையைப் பற்றிக் கதைக்க வேணும், உளநலப் பிரிவுக்குப் போகோணும்" என்று சொன்னால் வழிகாட்டுவார்கள். கிளினிக் நாள் அன்றில்லை என்றால் எந்த நாள், யாரைக் கேட்பது என்று எழுதி வாங்குங்கள். திரும்பி வந்ததும் எங்கே போனீர்கள் என்று மகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். அவள் கத்தினாள் என்றாலும் எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.